வீட்டில ஒருத்தர் இங்கிலாந்தில மறியலுக்குப் போனா என்ன செய்யவேணும்: பொலிஸ் ஸ்ரேசன்ல இருந்து வெளிய வாற நாள் வரைக்கும்

என்ர தம்பியைப் பொலிஸ் பிடிச்ச அண்டைக்கு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. எத்தினையோ வருசமா லண்டன்ல இருக்கிறம், வரி கட்டுறம், பிள்ளையள் இஞ்சதான் படிக்குதுகள், ஆனா பொலிஸ் வந்து கதவைத் தட்டினா அடுத்தது என்ன எண்டு தெரியாது. மூண்டு நாள் அவன் எந்த ஜெயில்ல இருக்கிறான் எண்டே தெரியாமல் இருந்தனாங்கள். அம்மா சொந்தக்காரருக்கு, அவன் வேலை விசயமா பேர்மிங்காம் போட்டான் எண்டு சொல்லிப்போட்டு பின்னேரத்தில சாமி அறைக்குள்ள இருந்து அழுவா. பிறகு கதை மெல்ல வெளிய வர, எங்கட ஆக்கள் இரவில எனக்கு போன் எடுக்கத் தொடங்கினவை. "அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, எங்கட மகனை..." எண்டுதான் கதை தொடங்கும். எல்லாருக்கும் அதே விசயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறன், அதால இஞ்ச ஒரே இடத்தில எழுதுறன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து சட்டம் வேற. நான் சட்டத்தரணி இல்லை, தம்பிக்காக இந்தக் கந்தோர் வாசல் எல்லாம் ஏறி இறங்கினவன், அவ்வளவுதான்.

ஒண்டை முதல்லயே மனசில எடுங்கோ. இஞ்ச ஒரு கந்தோரும் உங்களைத் தேடி வந்து விளக்கம் சொல்லாது, கேட்டாத்தான் கிடைக்கும். ஊர் என்ன சொல்லும் எண்டு வெக்கத்தில வாயை மூடிக்கொண்டு இருந்தா அந்த ஒவ்வொரு நாளையும் உள்ள இருக்கிறவர்தான் தனிய அனுபவிக்கிறார்.

பொலிஸ் ஸ்ரேசன்ல இருந்து தொடங்குறன். பிடிச்சுக்கொண்டு போன உடன கஸ்ரடி சார்ஜன்ட் எண்டு ஒருத்தர் முன்னால நிப்பாட்டி பேர் விபரம் எல்லாம் பதிவினம். அவர் வழக்கை விசாரிக்கிற ஆள் இல்லை, பிடிபட்டவரைப் பாத்துக்கொள்ளுற பொறுப்பு அவரோடது. அங்க மூண்டு உரிமை இருக்கு: தான் இங்க இருக்கிறதை ஒரு ஆளுக்கு அறிவிக்கச் சொல்லலாம், இலவசமா சொலிசிட்டரைக் கேக்கலாம், பொலிஸுக்கான விதிப் புத்தகத்தை வாங்கிப் பாக்கலாம். 1984ம் ஆண்டு வந்த பேஸ் எண்டுற சட்டத்தில இருந்து வாற உரிமை இது. இதில பெரிசு சொலிசிட்டர். உங்கட சம்பளம் எவ்வளவாயிருந்தாலும் பொலிஸ் ஸ்ரேசன்ல அது இலவசம், பகல் இரவு எந்த நேரத்திலயும். எங்கட ஆக்கள் கன பேர் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவினம், ரெண்டு காரணம் சொல்லுவினம். ஒண்டு, சொலிசிட்டரைக் கேட்டா குற்றம் செய்தவன் எண்டு நினைப்பாங்கள் எண்டு. மற்றது, டியூட்டி சொலிசிட்டர் பொலிஸின்ர ஆள் எண்டு. ரெண்டும் பிழை. டியூட்டி சொலிசிட்டர் வெளிய பிரக்டிஸ் பண்ணுற சாதாரண சட்டத்தரணி, முறை போட்டு வருவினம், அவர் நிக்கிறது உங்கட பக்கம். வர நேரம் எடுக்கும், நாலஞ்சு மணித்தியாலம்கூட ஆகலாம், காத்திருக்கவேணும். களைப்பில "சரி, நானே கதைக்கிறன், வீட்ட போனாக் காணும்" எண்டு இன்ரவியூவுக்குப் போய் இருந்தவைதான் பிறகு ஆகப் பாடுபட்டவை.

ஏனெண்டா அந்த இன்ரவியூவுக்கு முதல் வாசிக்கிற எச்சரிக்கையை வடிவா விளங்கவேணும். நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, ஆனா இப்ப கேக்கேக்க சொல்லாத ஒரு விசயத்தைப் பிறகு கோர்ட்டில நம்பி வந்தா அது உங்கட வாதத்துக்குப் பாதகமா போகலாம், சொல்லுறது எல்லாம் சாட்சியமாகலாம் எண்டுதான் அதின்ர கருத்து. வாயை மூடுறதோ திறக்கிறதோ எண்டு முடிவெடுக்கிறது சின்ன விசயம் இல்லை, அதைச் சொல்லித் தரத்தான் சொலிசிட்டர். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேக்கலாம், அதுவும் இலவசம். கடையில நிண்டு வியாபாரம் பண்ணுற இங்கிலிஸ் இதுக்குக் காணாது. வெக்கப்படாமல் கேளுங்கோ.

எவ்வளவு நேரம் வைச்சிருக்கலாம் எண்டு எல்லாரும் கேப்பினம். ஸ்ரேசனுக்கு வந்த நேரத்தில இருந்து 24 மணித்தியாலம், பெரிய குற்றமெண்டா மேலதிகாரி 36 வரைக்கும் கூட்டலாம், அதுக்கு மேல எண்டா நீதவான் கோர்ட்டில கேட்டு ஆகக்கூட 96. அந்த நேரத்துக்குள்ள ஒண்டில் விடவேணும், ஒண்டில் விசாரணை முடியேல்லை எண்டு பிணையில விடவேணும், ஒண்டில் குற்றம் சாட்டவேணும். பிடிபட்டவருக்கு சீனி வருத்தம், பிரசர், மனவருத்தம், ஏதாவது குளிசை இருந்தா 101க்கு அடிச்சு கஸ்ரடிக்குச் சொல்லுங்கோ எண்டு கேளுங்கோ, குளிசையின்ர பேரையும் அளவையும் பெட்டியைப் பாத்து வாசியுங்கோ. 18 வயசுக்குக் கீழ எண்டா தாயோ தேப்பனோ, இல்லாட்டி வேற பொறுப்பான பெரியாள் ஒருத்தரோ கூட இருக்கவேணும். அப்பிடிப் போறவை அங்க வைச்சுப் பிள்ளையை ஏசவோ, "உண்மையைச் சொல்லடா" எண்டு அதட்டவோ வேண்டாம், நீங்கள் அங்க போறது பிள்ளைக்கு நடக்கிறது ஒழுங்கா நடக்குதோ எண்டு பாக்கிறதுக்கு.

இன்னொண்டு, இதைக் கெஞ்சிச் சொல்லுறன். முறைப்பாடு குடுத்த ஆக்களின்ர வீட்ட போய் சமாதானம் கதைக்காதேங்கோ. ஊரில பெரியாக்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சு முடிக்கிற வழக்கம் எங்களிட்ட இருக்கு, அது நல்ல மனசோடதான் செய்யிறது, ஆனா இந்த நாட்டில அது சாட்சியை மிரட்டினது எண்டு வரும், போன மாமாவும் உள்ள போவார், பிணை கிடைக்க இருந்தவருக்கும் கிடைக்காது. வட்ஸ்அப் குறூப்பில ஒரு சொல்லும் போடாதேங்கோ. புருசன் பெண்சாதிப் பிரச்சினை எண்டா, தொடர்பு கொள்ளக்கூடாது எண்டு கோர்ட் சொன்ன பிறகு மனுசியே போன் எடுத்தாலும் அவர் கதைக்கக்கூடாது, பிடிபடுறது அவர்தான்.

குற்றம் சாட்டி விடாமல் வைச்சா அடுத்த கோர்ட் நாளே நீதவான் கோர்ட்டுக்குக் கொண்டு வருவினம், சனிக்கிழமையும் நடக்கும். அந்த இரவு நீங்கள் நித்திரை கொள்ளாமல் செய்யவேண்டிய அலுவல் ஒண்டே ஒண்டு: பிணை விலாசம். அவர் எங்க போய் இருப்பார், அந்த வீட்டுக்காரர் சம்மதமோ, முறைப்பாடு குடுத்தவர் இருக்கிற இடத்தில இருந்து தூரமோ, இதைச் சொலிசிட்டருக்குக் காலமைக்கு முதல் சொல்லவேணும். பாஸ்போட்டைக் கையில எடுத்துக்கொண்டு போங்கோ, ஒப்படைக்கச் சொல்லலாம். எங்களிட்டச் சொலிசிட்டர் காலமை ஒன்பதரைக்கு கோர்ட் வாசல்ல வைச்சு "வேற விலாசம் இருக்கோ" எண்டு கேட்டார், நான் போனைக் கையில வைச்சுக்கொண்டு ஆருக்கு அடிக்கிறது எண்டு தெரியாமல் நிண்டன், ஆருக்கு அடிச்சாலும் விசயத்தைச் சொல்லவேணுமே. சொல்லியிருக்கலாம். கேட்டா தர ரெண்டு பேர் இருந்தவை, அது பிறகுதான் தெரிஞ்சது. பிணை மறுத்தா கிரவுன் கோர்ட் எண்டுற மேல் கோர்ட்டில திரும்பக் கேக்கலாம், அண்டையோட முடிஞ்சுது எண்டு விட்டுப்போட வேண்டாம்.

பிணை இல்லையெண்டா கோர்ட்டின்ர பின் பக்கத்தால ஒரு வெள்ளை வானில ஏத்திக்கொண்டு போவினம், உள்ளுக்குத் தனித்தனிச் சின்னக் கூடு. லண்டன் ஆம்பிளையள் எண்டா பென்ரன்வில், வொன்ட்ஸ்வேர்த், வேர்ம்வூட் ஸ்க்ரப்ஸ், தேம்சைட் மாதிரி இடங்களுக்குத்தான் முதல் போறது. பென்ரன்வில் 1842ல திறந்தது, வொன்ட்ஸ்வேர்த் 1851ல, ஒராளுக்கெண்டு கட்டின அறைக்குள்ள இப்ப ரெண்டு பேர், கக்கூஸும் அதுக்குள்ளயே. பொம்பிளையள் எண்டா முந்தி ஹொலோவே, அது 2016ல மூடினாப் பிறகு அஷ்போர்ட்டில இருக்கிற புரொன்ஸ்பீல்ட். ஆனா இடம் இல்லையெண்டா எங்கயும் கொண்டு போவினம், இடம் இல்லாமல் இருக்கிறதுதான் இப்ப வழக்கம். 2024 செப்ரெம்பர் தொடக்கத்தில இங்கிலாந்து, வேல்ஸ் ஜெயிலுகள்ல 88,521 பேர், அதுதான் அதுவரைக்கும் ஆகக் கூடின கணக்கு. அதில கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு என்ர தம்பி மாதிரித் தீர்ப்பே வராமல் விளக்கமறியல்ல இருக்கிற ஆக்கள். கிரவுன் கோர்ட்டில தேங்கிக் கிடக்கிற வழக்கு 2025ல 75,000ஐத் தாண்டிட்டுது. அதால "ஒரு மாசத்தில வழக்கு முடிஞ்சிடும்" எண்டு அம்மாவுக்கு ஆறுதல் சொல்லாதேங்கோ, கன காலம் எடுக்கும், அதுக்கு ஏத்த மாதிரி மனசையும் காசையும் ஒழுங்குபடுத்துங்கோ.

எங்க இருக்கிறார் எண்டு அறிய முதல்ல சொலிசிட்டரைக் கேளுங்கோ. அதில சரிவராட்டி அரசாங்க வெப்சைட்டில கைதியைக் கண்டுபிடிக்கிற சேவை இருக்கு, பேர், பிறந்த திகதி குடுத்துக் கேக்கலாம், ஆனா அவர் சம்மதிச்சாத்தான் சொல்லுவினம். பேரை பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ. எங்கட ஆக்களின்ர தேப்பன் பேர், சொந்தப் பேர் முன்னப்பின்ன மாறி பொலிஸ் ஒரு மாதிரிப் பதிஞ்சிருக்கும், ரெண்டு மாதிரியும் தேடவேணும், எங்களுக்கு அந்த மூண்டு நாள் போனது இதாலதான். கண்டுபிடிச்ச உடன கைதி நம்பரைக் கேட்டு எழுதி வையுங்கோ, ஒரு எழுத்து, நாலு இலக்கம், ரெண்டு எழுத்து. கடிதம், காசு, விசிட் எல்லாத்துக்கும் அந்த நம்பர் வேணும், அது இல்லாட்டி ஒண்டும் நகராது.

போன் எப்பிடி எண்டா, போய்ச் சேர்ந்த உடன ஒரு சின்னக் கோல் எடுக்க விடுவினம். அது தெரியாத நம்பராவோ நம்பரே காட்டாமலோ வரும். எங்கட வீடுகள்ல அப்பிடி வந்தா எடுக்கிறேல்லை, கள்ளர் எண்டு விட்டுடுவம். அந்த நாள்கள்ல எல்லாத்தையும் எடுங்கோ. பிறகு அவர் தன்ர லிஸ்ற்றில நம்பருகளைக் குடுக்கவேணும், ஜெயில் செக் பண்ணி ஓம் எண்ட பிறகுதான் எடுக்கலாம், சில நாள் ஆகும். அங்க இருந்துதான் எடுக்கலாம், இஞ்ச இருந்து ஏலாது. லான்ட்லைனுக்கு எடுக்கிறது மொபைலை விட மலிவு, வீட்டில பழைய லைன் இருந்தா வெட்டாதேங்கோ. யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மம்மாவோட கதைக்கவேணுமெண்டா அந்த நம்பரைத் தனியாப் போடச் சொல்லுங்கோ, நீங்கள் வட்ஸ்அப்பில கூப்பிட்டு ரெண்டு போனையும் பக்கத்தில வைக்கிற வேலை வேண்டாம், பிடிச்சா லைனை வெட்டுவினம். கோல் எல்லாம் பதிவாகும், தமிழில கதைச்சாலும் மொழிபெயர்க்க ஆள் இருக்கு. வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். சாப்பிட்டியோ, நித்திரை கொண்டியோ, பிள்ளை இண்டைக்கு நடந்தது, இதைக் கதையுங்கோ.

காசு அனுப்புறது லேசு, ஆனா ஒரே வழிதான்: அரசாங்க வெப்சைட்டில டெபிட் கார்ட்டால. தபால்ல காசு, செக் அனுப்பினா எடுக்கமாட்டினம். ஒரு தரத்துக்கு ஆகக்கூட 50 பவுண், போய்ச் சேர ரெண்டு மூண்டு நாள். தனியார் நடத்துற ஜெயிலுகள்ல முறை கொஞ்சம் மாறலாம், கேளுங்கோ. எவ்வளவு போட்டாலும் அவர் கிழமைக்குச் செலவழிக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு, நடத்தையைப் பொறுத்து அது கூடும் குறையும், தீர்ப்பு வராத ஆக்களுக்குக் கொஞ்சம் கூட விடுவினம். கிழமைக்கு ஒருக்கா கன்ரீன் தாள் குடுப்பினம், அதில நிரப்பினாத்தான் நூடில்ஸ், ரின்மீன், சோப், போன் காசு எல்லாம். ஒரு கிழமை தாளைத் தவறவிட்டா அடுத்த கிழமைதான். அதால முதல் நாளே 50 போட்டுவிடுங்கோ.

இதோட சேர்த்து ஒரு விசயம் சொல்லவேணும், இது ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தராதது. ரெண்டாவது மாசம் தம்பி ஒரு நாள் போன் எடுத்து, "அண்ணா, ஒரு அக்கவுன்ட் நம்பர் சொல்லுறன், அதுக்கு 120 பவுண் போடுங்கோ, ஏன் எண்டு கேக்காதேங்கோ" எண்டான். குரலே அவன்ர குரல் இல்லை. உள்ள சிகரெட் முழுக்கத் தடை, வேப் குப்பியும் போதையும்தான் காசு மாதிரி ஓடுது, ஒண்டைக் கடன் வாங்கினா அடுத்த கிழமை ரெண்டு குடுக்கவேணும், குடுக்காட்டி அடி, பிறகு வெளிய இருக்கிற குடும்பத்திட்டக் கேக்கச் சொல்லுவாங்கள். நான் போட்டன். போட்டிருக்கக்கூடாது. அடுத்த கிழமை 200 கேட்டாங்கள். அப்பதான் ஜெயிலின்ர சேபர் கஸ்ரடி நம்பருக்கு, உள்ள இருக்கிறவருக்கு ஆபத்தெண்டு பயந்தா குடும்பம் அடிக்கிற நம்பர் அது, அடிச்சுச் சொன்னன், கடன் குடுத்தவையின்ர பேர் ஒண்டும் சொல்லாமல், என்ர தம்பிக்குக் கடன் இருக்கு, பயப்பிடுறான் எண்டு மட்டும். அவனை வேற விங்குக்கு மாத்திச்சினம். உங்களுக்கும் இப்பிடி வந்தா காசு போடாதேங்கோ, அவரை ஏசவும் வேண்டாம், உடன ஜெயிலுக்குச் சொல்லுங்கோ. போன், சிம், எந்தச் சாமானையும் உள்ள கொண்டு போகச் சொல்லிக் கேட்டா அதுவும் இதே கதைதான். போன் கொண்டு போய்ப் பிடிபட்டா 2 வருசம் வரைக்கும், போதை எண்டா 10 வருசம் வரைக்கும், தாய்மாருக்கும் அதே சட்டம்தான்.

இனி விசிட். விளக்கமறியல்ல இருக்கிறவருக்குக் கிழமைக்கு மூண்டு தரம், ஒவ்வொண்டும் ஒரு மணித்தியாலம். தீர்ப்பு வந்தவருக்கு நாலு கிழமைக்குக் குறைஞ்சது ரெண்டு, அதுக்கு அவர் உள்ள இருந்து விஓ எண்டுற விசிட் அனுமதி அனுப்பவேணும். முதல்ல உங்கட பேர், பிறந்த திகதி அவற்ற லிஸ்ற்றில இருக்கவேணும், பிறகு ஒன்லைன்ல புக் பண்ணலாம். போட்டோ உள்ள ஐடி, பாஸ்போட் இல்லாட்டி லைசன்ஸ், பழசு முடிஞ்சதைக் கொண்டு போய் வாசல்ல நிண்டு அழுத ஆக்களை நான் பாத்திருக்கிறன். பிந்தினா விடமாட்டினம், ஒரு மணித்தியாலத்துக்கு முதல் போங்கோ. லொக்கருக்கு ஒரு பவுண் காசு, உள்ள ரீ வாங்கக் கொஞ்சச் சில்லறை, அவ்வளவுதான். போன், ஸ்மார்ட் வொச், பர்ஸ் எல்லாம் லொக்கருக்குள்ள.

எங்கட முதல் விசிட்டுக்கு அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி கொழுக்கட்டை அவிச்சவா. கொண்டு போகேலாது எண்டு சொன்னன், "நீ சும்மா இரு, பெத்த பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்க வேண்டாமெண்டு ஆர் சொல்லுறது" எண்டு பையில வைச்சிட்டா. அது லொக்கருக்குள்ளதான் இருந்தது. கைரேகை எடுத்து, படம் எடுத்து, சப்பாத்தைக் கழட்டி, ஒரு பொம்பிளை ஒபிசர் அம்மாவின்ர சீலை மடிப்பு எல்லாம் தடவிப் பாத்து, கொண்டையையும் குனியச் சொல்லிப் பாத்தா. பிறகு வரிசையா நிக்க வைச்சு நாயை நடத்திக்கொண்டு வந்தவை. நாய் உங்களுக்குப் பக்கத்தில இருந்தா அசையாதேங்கோ, பயமெண்டா முதலே சொல்லலாம். அடுத்த தரத்துக்கு நான் அம்மாவைச் சுரிதார் போடச் சொன்னன், ஊசி இல்லாத உடுப்பு லேசு. உள்ள ஒரு பெரிய மண்டபம், நிலத்தில பூட்டின பதிஞ்ச மேசை, தம்பி தோடம்பழ நிறத்தில ஒரு மேல்சட்டை போட்டுக்கொண்டு இருந்தான், எழும்பி வரக்கூடாது. வந்த உடன ஒருக்காக் கட்டிப்பிடிக்கலாம், போகேக்க ஒருக்கா. அம்மா அவன்ர கையைப் பிடிச்சு நகத்தைத்தான் பாத்தா, "ஏன் வெட்டேல்லை" எண்டு கேட்டா. அந்த ஒரு மணித்தியாலத்தில வழக்கைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. மெசினில வாங்கின சொக்லேற்றை மூண்டு பேரும் பிச்சுச் சாப்பிட்டம்.

சின்னப் பிள்ளையள் இருக்கிறவைக்கு: கூட்டிக்கொண்டு போகலாம், கன இடத்தில விளையாட ஒரு மூலை இருக்கும், குடும்ப நாள் எண்டு நீண்ட விசிட்டும் சில நேரம் வைப்பினம். அப்பா வேலையில எண்டு பொய் சொல்லிப்போட்டு அங்க கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, பிள்ளையள் கதவையும் திறப்பையும் பாத்தே விளங்கிக்கொள்ளும். தூரம், காசு கஷ்டம் எண்டா வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசாங்கம் போக்குவரத்துக் காசு தரும், விசிட் முடிஞ்சு 28 நாளுக்குள்ள கேக்கவேணும், ரிக்கெட்டை எறியாதேங்கோ. போகேலாட்டி வீடியோ கோல் புக் பண்ணலாம். கடிதமும் எழுதுங்கோ, பேர், கைதி நம்பர், ஜெயில் விலாசம், பின்னுக்கு உங்கட பேர் விலாசம். தாளில போதை ஊத்தி அனுப்பினவையால சில ஜெயிலுகள்ல போட்டோக் கொப்பி எடுத்துத்தான் குடுக்கினம், பிள்ளை கீறின படம் கறுப்பு வெள்ளையில போனாலும் போகட்டும், அனுப்புங்கோ, தம்பி அதைத்தான் சுவரில ஒட்டி வைச்சிருந்தவன்.

அவர் உயிருக்கு ஏதும் செய்துபோடுவாரோ எண்டு பயமா இருந்தா ஒரு மணித்தியாலமும் காத்திருக்காதேங்கோ. சேபர் கஸ்ரடிக்கு அடியுங்கோ, மெசேஜ் மெசினுக்குப் போனா அதோட விடாமல் ஜெயிலின்ர பொது நம்பருக்கு அடிச்சு டியூட்டி கவர்னர் எண்டுற, அந்த நேரத்துக்குப் பொறுப்பான அதிகாரியைக் கேளுங்கோ, உள்ள இருக்கிறவர் உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லுங்கோ. அப்பிடிச் சொன்னா ஏசிசிரி எண்டு ஒரு கோவை திறந்து அவரை அடிக்கடி பாப்பினம். உள்ளயே லிஸ்னர்ஸ் எண்டு கைதிகள் இருக்கினம், சமாரிற்றன்ஸ் எண்டுற தொண்டு நிறுவனம் பயிற்சி குடுத்த ஆக்கள், 1991ல சுவான்சி ஜெயில்ல தொடங்கினது, அவையளோட கதைக்கலாம் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ.

சமயம் பதியேக்க இந்து, கத்தோலிக்கம், எது எண்டாலும் சரியாச் சொல்லச் சொல்லுங்கோ, சாப்லின் எண்டுற சமயக் குரு அதை வைச்சுத்தான் வருவார், புதுசா வாற எல்லாரையும் ஒரு நாளுக்குள்ள ஒரு சாப்லின் பாக்கவேணும். மச்சம் சாப்பிடாத ஆக்களுக்கு மரக்கறிச் சாப்பாடு இருக்கு. சாப்லினின்ர அருமை சாவீட்டிலதான் தெரியும். அம்மம்மா ஊரில செத்தபோது நாங்கள் தம்பிக்குப் போன்ல சொல்லக் காத்திருக்கேல்லை, ஜெயிலுக்கு அடிச்சு சாப்லின்சியைக் கேட்டம். ஒரு பாதிரியார் தம்பியைத் தனி அறைக்குக் கூப்பிட்டு இருத்திச் சொன்னவர், பிறகு தன்ர கந்தோர் போன்ல இருந்து அம்மாவோட கதைக்க விட்டவர். செத்த வீடு இந்த நாட்டிலயும் நெருங்கின சொந்தமுமெண்டா காவலோட கூட்டி வர விண்ணப்பிக்கலாம், கைவிலங்கோடதான் வருவார், அதுவும் கிடைக்கும் எண்டில்லை. செத்தவரின்ர விபரம், சவச்சாலைக்காரரின்ர நம்பர் குடுக்கவேணும், அவை விசாரிப்பினம்.

வீட்டு அலுவல் ரெண்டு கெதியாச் செய்யவேணும். யுனிவர்சல் கிரெடிற் எண்டுற அரசாங்க உதவிக் காசு எடுக்கிற குடும்பம் எண்டா அறிவியுங்கோ, அறிவிக்காமல் எடுத்த காசைப் பிறகு திருப்பிக் கேப்பினம். கவுன்சில் ராக்ஸுக்கு மறியல்ல இருக்கிறவரைக் கணக்கில எடுக்கிறேல்லை, வீட்டில மிச்சம் ஒரு பெரியாள்தான் எண்டா 25 வீதம் குறைக்கவேணும், கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கோ. பாங்க், கார், வாடகை எல்லாம் அவற்ற பேரில இருந்தா சொலிசிட்டர் மூலமா ஒரு அதிகாரக் கடிதம் எடுத்து வையுங்கோ.

தீர்ப்பு வந்தாப் பிறகு எல்லாருக்கும் ஒரே கேள்வி, எப்ப வெளிய? விளக்கமறியல்ல இருந்த நாள் கழியும். மிச்சம் எவ்வளவு இருக்கவேணும் எண்டது குற்றத்தைப் பொறுத்தது. இடம் இல்லாததால 2024 செப்ரெம்பர் 10ல இருந்து கன பேருக்குப் பாதிக்குப் பதிலா 40 வீதத்தில விடத் தொடங்கினவை, முதல் நாளே 1,700 பேர் அளவில வெளிய வந்தவை. ஆனா பாலியல் குற்றம், பெரிய அடிதடி, வீட்டு வன்முறையோட சேர்ந்தது எல்லாம் அதில இல்லை. அதால "அவையின்ர பெடியன் வந்திட்டான், எங்கட பெடியன் ஏன் வரேல்லை" எண்டு மற்ற வீட்டோட ஒப்பிட்டு மனமுடையாதேங்கோ. சட்டமும் மாறிக்கொண்டே இருக்கு. உள்ள ஓஎம்யூ எண்டு ஒரு கந்தோர் இருக்கு, அவை திகதி எல்லாம் போட்டு ஒரு தாள் குடுப்பினம், அந்தத் தாள்தான் கணக்கு. அதில பிழை இருந்தா எழுத்தில கேக்கச் சொல்லுங்கோ, பிழை வாறதும் உண்டு. தீர்ப்புக்குப் பிறகு வேற ஜெயிலுக்கு மாத்துவினம், சொல்லாமலே, அதால விசிட்டுக்கு வெளிக்கிட முதல் ஒருக்கா அடிச்சுக் கேளுங்கோ.

பிரிட்டிஷ் பாஸ்போட் இல்லாத ஆக்கள் இந்தப் பந்தியை ரெண்டு தரம் வாசியுங்கோ. 2007ம் ஆண்டுச் சட்டத்தின்படி 12 மாசம் அல்லது கூடத் தண்டனை கிடைச்சா ஹோம் ஒபிஸ் நாடு கடத்தத் தொடங்கும். நிரந்தர வதிவிடம் இருந்தாலும் தான், 25 வருசம் இஞ்ச இருந்தாலும் தான், பிள்ளையள் பிரிட்டிஷ் எண்டாலும் தான். அகதி அந்தஸ்து, குடும்பம், மனித உரிமை எண்டு வாதம் இருக்கு, ஆனா அதை எழுதி அனுப்ப அவை குடுக்கிற நாள் கொஞ்சம். கடிதம் உள்ள இருக்கிறவரின்ர கையிலதான் வரும், அவர் அதை மடிச்சு வைச்சுப்போட்டு உங்களுக்குச் சொல்லாமலும் விடுவார். ஒவ்வொரு போன்லயும் ஹோம் ஒபிஸ் தாள் ஏதும் வந்ததோ எண்டு கேளுங்கோ. தண்டனை முடிஞ்ச நாளிலயும் இமிகிரேசன் அதிகாரத்தில தொடர்ந்து வைச்சிருக்கலாம். கிரிமினல் சொலிசிட்டருக்கு இது தெரியாது, இமிகிரேசன் சொலிசிட்டரைத் தனியாப் பிடியுங்கோ. குற்றத்தை ஒப்புக்கொள்ள முதலே, இது என்ர விசாவுக்கு என்ன செய்யும் எண்டு கேக்கச் சொல்லுங்கோ. இதை முதல்ல கேட்டிருந்தா எண்டு என்னட்டப் போன்ல அழுத ஒரு அக்காவின்ர குரல் இண்டைக்கும் காதில இருக்கு.

என்ன கேள்வி இருந்தாலும் கைதிகளின்ர குடும்பங்களுக்கெண்டு ஒரு இலவச ஹெல்ப்லைன் இருக்கு, 0808 808 2003. இங்கிலிஸ் கஷ்டமெண்டா பிள்ளையளை விட்டுக் கதைக்காமல் வேற பெரியாள் ஒருத்தரைக் கேளுங்கோ, 12 வயசுப் பிள்ளை இதுக்கு மொழிபெயர்க்கக்கூடாது.

வெளிய வாற நாள். வெள்ளிக்கிழமை விட்டா கந்தோர் எல்லாம் பூட்டி, மருந்தும் இல்லை இடமும் இல்லை எண்டு ஆக்கள் அந்தரிச்சதால 2023ல சட்டம் மாத்தினவை, சில பேரை ஒண்டு ரெண்டு நாளுக்கு முதல் விடலாம், அதால திகதியைத் திரும்ப உறுதிப்படுத்துங்கோ. காலமையே வாசல்ல நில்லுங்கோ. மாரி காலமெண்டா ஜக்கெற், சார்ஜ் போட்ட போன் ஒண்டு கொண்டு போங்கோ, பிடிச்ச நாளில போட்டிருந்த உடுப்போடதான் வருவார், தம்பி ஓகஸ்ட்டில போட்டிருந்த ரீசேர்ட்டோட ஜனவரியில வந்தவன். அண்டைக்கே புரொபேசன் ஒபிஸுக்கு, வெளிய வந்தவையைக் கண்காணிக்கிற கந்தோர் அது, போகவேணும், அந்த அப்பொயின்மென்ற்றைத் தவறவிட்டா திருப்பிப் பிடிச்சு உள்ள போடலாம், அதால வீட்ட கூட்டிக்கொண்டு போய் சொந்தக்காரரைக் கூப்பிடுறதெல்லாம் பிறகு. அம்மா அண்டைக்கும் கொழுக்கட்டை அவிச்சுக்கொண்டு வந்தவா, அவன் அதை புரொபேசன் ஒபிஸ் வாசல்ல, காருக்குள்ள இருந்து, ஏழு சாப்பிட்டான்.